பின்சீட்டின் அளவு

“குத்தம் பின்சீட்டுலதான் இருக்கு, தாயே” என்றார் ராசாங்கம்.

செண்பகத் தாய் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“சீட்டு பின்பக்கமா சரிஞ்சு கிடக்கு. ஏத்தத்துல பாரம் முழுக்கப் பின்னாடி இறங்கிடுது. அதான் அன்னைக்கு வளைவுல வண்டி நின்னு போச்சு.”

“ஓ.”

“என் ஓட்டத்துல ஒரு குறையும் இல்ல.”

“நான் சொல்லலையே.”

அவர் சொல்லவில்லைதான். அதுதான் ராசாங்கத்தை உறுத்தியது.

முப்பத்திரண்டு வருஷம் மலைச்சாலையில் அரசுப் பேருந்து ஓட்டியவர் ராசாங்கம். அவர் பஸ்ஸில் ஏறிய ஒரு ஆளுக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஓய்வு பெற்ற மறுமாதமே மலையடிவாரத்தில் இருக்கும் குடிலுக்கு வந்து தாயின் காலில் விழுந்து சீடரானார்.

தாய்க்கு அப்போது நாற்பது வயது. ராசாங்கத்தின் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

“மக வயசுப் பொண்ணு கால்லயா போய் விழுந்த?”

“வழி தெரிஞ்சவங்க கால்ல விழுந்தேன்” என்றார் அவர்.

தைப் பொங்கல் முடிந்ததும் தாய் மேல்மலைக்குப் போவார். அங்கே பதினோரு ஊர்கள். ஊருக்கு ஒரு நாள் தங்குவார். சண்டைகளைக் கேட்பார், பிள்ளைகளின் காய்ச்சலைப் பார்ப்பார், சாயங்காலம் பாடுவார், மறுநாள் கிளம்பிவிடுவார். அவற்றில் நான்கு ஊர்களுக்கு ஜீப் போகாது. அதற்காகவே ஒரு காப்பித் தோட்டக்காரர், நெடும்பயணத்துக்கென்று செய்த கனமான மோட்டார் சைக்கிள் ஒன்றைக் குடிலுக்குக் கொடுத்திருந்தார்.

நான்கு வருஷமாக அதை ஓட்டுவது ராசாங்கம். பின்னால் உட்காருவது தாய்.

குடிலில் அவருக்கு வேறு வேலை கிடையாது. வேறு வேலை அவருக்கு வேண்டியதும் இல்லை. தாயை ஏற்றிக்கொண்டு முதல் வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது, தேருக்கு வடம் பிடித்தவனைப் போல அவர் நெஞ்சு நிமிரும்.

போன மாதம் மேல்மலையில் ஒரு சாவு. அவசரமாகக் கிளம்பினார்கள். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி இருமி நின்றது. பிறகு பின்னால் உருண்டது. தாய் குதித்து இறங்கி, காலை ஊன்றி வண்டியைப் பிடித்தார். பாறையில் உரசி அவர் கெண்டைக்காலில் தோல் உரிந்தது. கட்டுத்துணி இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

ஒன்றை மட்டும் ராசாங்கம் யாரிடமும் சொல்லவில்லை. ஆடி மாதத்திலிருந்து அவருடைய இடது கைவிரல்கள் மரத்துப்போகத் தொடங்கியிருந்தன. அந்த வளைவில் கிளட்சைப் பிடி என்று விரல்களிடம் சொன்னார். விரல்கள் கேட்கவில்லை.

“இந்தத் தை மாசமும் நான்தானே தாயே?” என்று கேட்டார்.

தாய் கடைசி வெண்டைக்காயின் காம்பைக் கிள்ளிப் போட்டார்.

“பின்சீட்டு சரியா இருந்தா ரெண்டு பேரும் போவோம்.”

“எப்படிப்பட்ட சீட்டு வேணும்? சொல்லுங்க, செஞ்சுடுறேன்.”

“உட்கார்ற ஆளுக்கு வலிக்கக் கூடாது. உட்கார்ற ஆள் விழக் கூடாது. சீட்டுக்கிட்ட வேற என்ன கேக்குறது?”

ராசாங்கத்துக்கு மூச்சு வந்தது. சீட்டுதானே? செய்துவிடலாம்.

*

கம்பம் டவுனில் நாகூர்கனியின் குஷன் கடை. பஸ், ஆட்டோ, லாரி என்று எல்லா வண்டிகளுக்கும் சீட்டு தைப்பவர். ராசாங்கம் ஓட்டிய பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கை பிய்ந்துபோகும்போதெல்லாம் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

“யாருக்கு டிரைவரே?”

“தாய்க்கு.”

“அப்போ மெத்தையா செஞ்சுடுவோம்.”

நாகூர்கனி நாலைந்து வகை ஸ்பாஞ்சுகளை எடுத்துப் போட்டார். ராசாங்கம் ஒவ்வொன்றையும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் முழுசாய் உள்ளே போனதைத் தேர்ந்தெடுத்தார்.

“அமுக்குறதெல்லாம் விரல்தான்” என்றார் நாகூர்கனி. “உட்கார்றது விரல் இல்லையே. நீங்க ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பாருங்களேன்.”

“நானா? பின்சீட்டுலயா?”

“ஏன், சுடுமா?”

“பாய், நான் பிறந்ததுலேருந்து எவன் முதுகுக்குப் பின்னாடியும் உட்கார்ந்தது இல்ல.”

உண்மைதான். லீவு நாளில் பஸ்ஸில் போனால்கூட ராசாங்கம் சீட்டு தேடமாட்டார். ஓட்டுநருக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடியின்மேல் துண்டை விரித்து, சாலையைப் பார்த்தபடிதான் உட்காருவார்.

நாகூர்கனி சிரித்துக்கொண்டே தைத்துக் கொடுத்தார்.

காலையில் வண்டியைக் குடில் முற்றத்தில் நிறுத்தினார் ராசாங்கம். தாய் வந்து பார்த்தார். தொட்டுப் பார்க்கவில்லை. கிணற்றடியில் கிடந்த செங்கற்களில் நான்கைத் தூக்கி வந்து சீட்டின்மேல் அடுக்கினார். பிறகு சமையலுக்குப் போய்விட்டார்.

ராசாங்கம் காத்திருந்தார்.

மதியச் சாப்பாடு முடிந்து தாய் கை கழுவிக்கொண்டு வந்தார். செங்கற்களை எடுத்தார். அவை இருந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. இருவரும் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது மேலே வரவில்லை.

“அரை நாள்ல அமுங்கிப்போச்சு” என்றார் தாய். “நாம போறது பதினோரு நாள்.”

*

“செங்கல்லை உட்கார வச்சாங்களா?” நாகூர்கனி தலையில் கை வைத்துக்கொண்டார். “செங்கல்லு என்ன சொல்லுச்சு? இடுப்பு வலிக்குதுன்னுச்சா?”

“கேலி பண்ணாதீங்க பாய். என் பொழைப்பு இதுல இருக்கு.”

நாகூர்கனி அவர் முகத்தைப் பார்த்தார். கேலியை நிறுத்தினார்.

இந்த முறை கெட்டியான ஸ்பாஞ்சை அடியில் போட்டு, மேலே மெல்லிசாக ஒரு மெத்தை வைத்தார். அகலத்தைக் கூட்டினார். தையல் முடிச்சுகள் தொடையில் உறுத்தாதபடி ஓரத்துக்குத் தள்ளினார். மேலே பளபளவென்று கருநீல ரெக்சின். முகம் பார்க்கலாம்.

தாய் அந்தச் சீட்டையும் பார்த்தார். செங்கற்களை வைத்துப் பார்த்தார். அது தாங்கியது.

ராசாங்கத்தின் உதட்டோரம் சிரிப்பு வந்தது. அதற்குள் தாய் தோட்டத்துக்குப் போய், முதிர்ந்த பூசணிக்காய் ஒன்றை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். அதைப் பின்சீட்டில் உட்கார வைத்தார்.

“கேட் வரைக்கும் போய்ட்டு வாங்க.”

“பூசணிக்காயைக் கூட்டிக்கிட்டா?”

“மெதுவாப் போங்க. கேட்டுக்கிட்ட பிரேக் போடுங்க.”

ராசாங்கம் போனார். வண்டி முதல் கியரிலேயே ஊர்ந்தது. கிளட்ச் பக்கம் அதிகம் போகாமல் பார்த்துக்கொண்டார். கேட் அருகே பிரேக் போட்டார். பூசணிக்காய் சறுக்கி வந்து அவர் முதுகில் மோதியது. அவர் முன்னால் குனிய, அது பக்கவாட்டில் உருண்டு தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

தாய் நடந்து வந்து பிளந்ததைப் பொறுக்கினார்.

“பாவம், வாய் இல்லாத ஜீவன்” என்றார். “இருந்திருந்தா உங்களை நல்லாத் திட்டியிருக்கும்.”

அன்று இரண்டு வேளையும் பூசணிக்காய்க் கூட்டு.

*

“வழுக்குது பாய். முன்பக்கம் சரிவு வேற.”

“நீங்கதானே போன தடவை பின்பக்கம் சரிவுன்னீங்க?”

ராசாங்கம் ரெக்சின் சுருள்களைப் புரட்டத் தொடங்கினார்.

நாகூர்கனி சீட்டைச் சமமாக்கினார். சொரசொரப்பான துணி ரெக்சின் போட்டார். முன் ஓரத்தில் விரற்கடை உயரத்துக்கு ஒரு வரப்பு எழுப்பினார்; பிரேக் போட்டால் பின்னால் இருப்பவர் அதைத் தாண்டிச் சறுக்க முடியாது. இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி வைத்தார்.

அடுத்த பூசணிக்காய் அசையாமல் போய், அசையாமல் திரும்பி வந்தது.

“இனி என்ன தாயே?”

தாய் சீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்தார். கால் வைக்கும் கம்பியைக் காட்டினார்.

“இது ரொம்ப மேல இருக்கு. முழங்கால் மடங்கிக்கிட்டே இருக்கும். கொஞ்ச நேரத்துல வலி எடுத்துடும்.”

ராசாங்கம் தாயைப் பார்த்தார். தாய் அவருடைய தோளுக்குக் கீழேதான் இருப்பார். பழைய கம்பியிலேயே அவர் கால் நுனிதான் படும். இந்த முழங்கால் எப்படி மடங்கி வலிக்கும்?

கேட்கலாம் என்று வாயெடுத்தார். குருவின் பேச்சுக்குக் குறுக்குக் கேள்வி கேட்பதா என்று அடக்கிக்கொண்டார். குடிலில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு அது ஒரு பெருமை. ஏன் என்று கேட்காதவர் என்று பேர் வாங்கியிருந்தார்.

“அப்புறம் முதுகுக்குச் சாய்மானம் வேணும்” என்றார் தாய். சுவரோரம் போய், வண்டியின் சீட்டு உயரத்திலிருந்து கண்ணால் அளந்து, விபூதியால் ஒரு கோடு கிழித்தார். “இது வரைக்கும்.”

அந்தக் கோடு தாயின் தலை உயரத்துக்கு இருந்தது.

அதையும் ராசாங்கம் பார்த்தார். அதற்கும் ஏன் என்று கேட்கவில்லை.

*

“தாய் என்ன, ஒரே மாசத்துல வளர்ந்துட்டாங்களா?” என்றார் நாகூர்கனி, டேப்பை நீட்டிப் பிடித்தபடி.

“சொன்னதைச் செய்ங்க பாய்.”

“இந்த அளவுக்கு ஒரு ஆள் உட்கார்ந்து காட்டணும், டிரைவரே. சும்மா காத்துல சாய்மானம் வைக்க முடியாது. நீங்க…”

“என்னைச் சொல்லாதீங்க.”

“வீம்பு பிடிச்ச மனுஷன்” என்று முணுமுணுத்துக்கொண்டே நாகூர்கனி தானே ஏறி உட்கார்ந்தார். அவரும் ராசாங்கமும் ஏறக்குறைய ஒரே உயரம். கால் கம்பி ஒரு சாண் கீழே இறங்கியது. சாய்மானம் தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது.

நாகூர்கனி கண்ணை மூடிச் சாய்ந்தார். கைகளைக் கம்பியில் வைத்தார். கொஞ்ச நேரம் இறங்கவே இல்லை.

“என்ன பாய், தூங்கிட்டீங்களா?”

“டிரைவரே, இத்தனை வருஷத்துல எத்தனையோ சீட்டு தச்சேன். இதுதான் சீட்டு.”

ராசாங்கம் துணியை எடுத்து, ஒட்டியிருந்த நூல் பிசிறுகளைத் தட்டினார். கழற்றி மாட்டிய திருகுகள் ஒவ்வொன்றையும் வலது கையால் முறுக்கிப் பார்த்தார். தன் பஸ்ஸைக் கழுவி நிறுத்திய நாட்களில் வரும் நிறைவு அவருக்கு வந்தது.

*

கிளம்பும் நாள். வெயில் ஏறுமுன் வண்டி துடைக்கப்பட்டு நின்றது. மருந்துப் பையும் மாற்றுத் துணியும் வண்டியின் பக்கப் பெட்டிகளுக்குள் போய்விட்டன; ஒரு சின்னச் சாக்கு அரிசி மட்டும் கீழே இருந்தது.

தாய் காவிச் சேலையைக் கச்சமாக வரிந்து கட்டிக்கொண்டு வந்தார். சீட்டைப் பார்த்தார்.

“நல்லா வந்திருக்கு.”

“உட்கார்ந்து பாருங்க தாயே.”

தாய் ஏறி உட்கார்ந்தார்.

அவருடைய கால்கள் கம்பியை எட்டாமல் அந்தரத்தில் தொங்கின. சாய்மானம் அவர் பிடரியைத் தாண்டி நின்றது. இரண்டு பக்கத்துக் கைப்பிடியையும் ஒரே நேரத்தில் பிடிக்க அவருக்குக் கை நீளவில்லை. பெரியப்பா நாற்காலியில் ஏறிக்கொண்ட குழந்தை மாதிரி இருந்தார்.

ராசாங்கம் குனிந்து கால் கம்பியைப் பார்த்தார்.

“அளவு தப்பிப்போச்சு” என்றார். “தாயே, நீங்க சொன்ன அளவுதான். ஒரு நூல் கூடவோ குறையவோ இல்ல. நாகூர்கனிகிட்ட நின்னு…”

“அளவு தப்பலை” என்றார் தாய்.

இறங்கினார். உள்ளே போய் ஒரு டம்ளரில் சுக்குக் காப்பி கொண்டுவந்து நீட்டினார்.

ராசாங்கம் வலது கையை நீட்டினார்.

“இடது கையால வாங்குங்க.”

“குருகிட்ட இடது கையால வாங்கலாமா தாயே? பாவம் இல்லையா?”

“வாங்குங்க.”

ராசாங்கம் வலது கையை இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக இடது கையை நீட்டினார். டம்ளரைச் சுற்றி விரல்கள் மூடின. மூடியது போலத்தான் இருந்தது. தாய் கையை எடுத்ததும் டம்ளர் நழுவிக் கீழே விழுந்து உருண்டது. காப்பி மண்ணில் இறங்கியது.

“எப்போலேருந்து?” என்றார் தாய்.

“ஆடியிலேருந்து.”

“மரியாதையை வச்சு இத்தனை மாசம் நல்லா மறைச்சீங்க.”

ராசாங்கம் தலை குனிந்தார். தாய் குடிலுக்கு வருமுன் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அந்தக் காலத்தில் தானே மோட்டார் சைக்கிள் ஓட்டி, மேல்மலைக்குப் பிரசவம் பார்க்கப் போனவர். மரத்த கையைக் கண்டுபிடிக்க அவருக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்? அந்த வளைவிலேயே தெரிந்திருக்கும்.

“கைக்கு மருந்து இருக்கு. மேல தோட்ட ஆஸ்பத்திரிக்குப் பெரிய டாக்டர் ஒருத்தர் வருவாரு, காட்டுவோம். இப்போ கிளம்பணும்.”

தாய் தலைக்கவசத்தை மாட்டினார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டாண்டைத் தட்டினார். கனமான வண்டி அவருடைய சின்ன உடம்புக்குக் கீழே நேராக நின்றது.

“ஏறுங்க” என்றார்.

ராசாங்கத்துக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. செங்கல், பூசணிக்காய், முழங்கால், சுவரில் போட்ட கோடு.

“நான் வரலை தாயே.”

“ஏன்?”

“அந்த ரோட்டுல எனக்குன்னு ஒரு பேரு இருக்கு. ஒவ்வொரு டீக்கடைக்காரனும் எந்திரிச்சு நிப்பான். பின்னாடி தொத்திக்கிட்டுப் போறதுக்கு நான் இங்கயே கிடக்குறேன்.”

“சரி.”

தாய் வற்புறுத்தவில்லை. இறங்கி, அரிசிச் சாக்கைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார். கயிறு எடுத்து, சாய்மானத்தோடு சேர்த்துக் கட்டினார். சாக்கு நன்றாக உட்கார்ந்தது. முழுசாய்ச் சாய்ந்தும்கொண்டது.

“சாக்குக்குப் பேரு இல்ல” என்றார். “அதனால சௌகரியமா வருது.”

இன்ஜினைக் கிளப்பினார். வண்டி கேட்டை நோக்கி நகர்ந்தது.

ராசாங்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சீட்டுக்காக எத்தனை முறை கம்பத்துக்கு நடையாய் நடந்திருப்பார்! எந்தத் தையல் எங்கே ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். இந்த மலையடிவாரத்தில் அப்படியொரு சீட்டு வேறெந்த வண்டியிலும் இல்லை. அதில் போய் ஒரு அரிசிச் சாக்கு உட்கார்ந்து போகிறது.

“தாயே!”

வண்டி நின்றது.

ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தார். சாக்கை இறக்கி வண்டியின் பக்கப் பெட்டியின்மேல் வைத்துக் கட்டினார். மூச்சு வாங்கியது. காலைத் தூக்கிப் போட்டு ஏறினார்.

கால்கள் தாமாகவே கம்பியைக் கண்டுகொண்டன.

*

மூன்றாவது வளைவு தாண்டியதும் தாய் வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

“இறங்கணுமா தாயே?”

“வேண்டாம். உங்க வலது கால் என்ன பண்ணுது?”

ராசாங்கம் குனிந்து பார்த்தார். வலது கால் கம்பியைப் பலம்கொண்ட மட்டும் அழுத்திக்கொண்டிருந்தது. செருப்பு நுனி வளைந்திருந்தது.

“பிரேக் போடுது.”

“பிடிச்சுதா?”

“இல்ல.”

“அப்புறம் வண்டி எப்படி நின்னுச்சு?”

“நீங்க போட்டதுல.”

தாய் மறுபடி கிளப்பினார்.

அடுத்த வளைவு இடப்பக்கம். வண்டி சாய்ந்தது. ராசாங்கம் அதை நிமிர்த்துவதற்காக வலப்பக்கம் சாய்ந்தார். வண்டி உதறியது. தாய் மறுபடி நிறுத்தினார்.

“ரோடு எந்தப் பக்கம் போகுது?”

“இடது பக்கம்.”

“நீங்க எந்தப் பக்கம் போனீங்க?”

ராசாங்கம் வலப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

“அந்தப் பக்கம் உங்களுக்கு ஏதாச்சும் ஜோலி இருந்தா சொல்லுங்க. இறக்கி விட்டுட்டுப் போறேன்.”

அந்தப் பக்கம் பள்ளம். ராசாங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தாயின் தோள்களும் குலுங்கின.

“சாய்மானம் எப்படி இருக்கு?” என்று கேட்டார் தாய், சிரிப்பு அடங்கியதும்.

“தெரியலை.”

“திரும்பிப் போனா நாகூர்கனி கேப்பாரே. என்ன பதில் சொல்லுவீங்க?”

ராசாங்கம் மூச்சை விட்டார். முதுகைப் பின்னால் கொடுத்தார். சாய்மானம் தோள்பட்டைக்குக் கீழே வந்து ஏந்திக்கொண்டது. கைகள் கம்பிகளில் படிந்தன. மரத்த கைக்கும் அங்கே ஒரு வேலையும் இல்லை, சும்மா இருந்தால் போதும். கால் தளர்ந்தது.

வண்டி கிளம்பியது. அடுத்த வளைவில் அவரும் வண்டியும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். பிறகு எது எத்தனையாவது வளைவு என்று எண்ண மறந்துபோனார்.

எண்ண மறந்ததால் பக்கவாட்டில் பார்த்தார்.

கீழே மலைச்சாலை கிடந்தது. உதறிப் போட்ட வேட்டியின் கரை மாதிரி மடிந்து மடிந்து, பாறையைச் சுற்றி, ஓடையைத் தாண்டி, மேகத்துக்குள் நுழைந்து, வெளியே வந்து, மறுபடி மடிந்து. ஒரு லாரி அதில் எறும்பாய் ஊர்ந்தது. முப்பத்திரண்டு வருஷம் தினம் இரண்டு தடவை ஏறி இறங்கிய சாலை. அவர் பார்த்ததெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் நாற்பது அடிதான். முழுசாய் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஓட்டுகிறவன் எப்படிப் பார்ப்பான்?

“தாயே.”

“ம்.”

“இந்த ரோட்டுலயா நான் பஸ் ஓட்டினேன்?”

“இந்த ரோட்டுலதான்.”

“அம்மாடி! பெரிய ரோடு.”

“பெரிய டிரைவர்.”

காற்று ராசாங்கத்தின் கண்ணில் அடித்தது. துடைக்கவில்லை. கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

உச்சிக்கு முந்தைய வளைவில் மேலேயிருந்து பஸ் ஒன்று இறங்கி வந்தது. ஒரே வீச்சில் திரும்ப முடியாத வளைவு. பஸ் குறுக்கே நின்று பின்னுக்கு எடுத்தது. தாய் ஓரத்தில் காத்திருந்தார்.

பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன் தவசி. மலை ஓட்டத்தை ராசாங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவன். ஜன்னலுக்கு வெளியே முழு உடம்பையும் நீட்டினான்.

“என்னண்ணே இது! ராசாங்கம் பின்சீட்டுலயா? மலை இடிஞ்சுடப் போகுது!”

பஸ் முழுக்கச் சிரித்தது. ஜன்னலுக்கு ஒரு தலை வெளியே வந்தது.

தாய் திரும்பிப் பார்க்கவில்லை. இன்ஜின் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

ராசாங்கம் அவசரப்படவில்லை. காலை வசதியாக நீட்டினார். முதுகை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். தலையை நிமிர்த்தினார்.

“எனக்குன்னு அளவெடுத்துத் தச்ச சீட்டுடா இது. நீ ஆசைப்பட்டாலும் உனக்குப் பொருந்தாது. ஒடிச்சு ஓரமா விடு, தாய்க்கு வழி வேணும்.”